புது மைட்டர் சா: கார்டைக் கட்டி வைக்கலாமா? சின்னத் துண்டை எப்படி வெட்டுவது?

புளியரைப் பையன்:

அண்ணாச்சிகளுக்கு வணக்கம். புளியரையில் அப்பாவோடு சேர்ந்து மரவேலை செய்கிறேன், நிலை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம். ஆரியங்காவு பக்கம் ஒரு வீட்டுக்கு ஓட்டுக்கூரைக்கான கழுக்கோல் (கூரையின் சாய்வுக் கட்டை), பட்டிகை (அதன் மேல் ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்), உள்ளே ஹாலில் சீலிங் பீடிங் (சுவரும் சீலிங்கும் சேரும் ஓரத்து அலங்காரச் சட்டம்) என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். மூலைகள் அதிகம். கைவாளும் மைட்டர் பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓணத்துக்குள் முடியாது என்று 10 அங்குல காம்பவுண்ட் மைட்டர் சா (கட்டையைக் கோணத்தில் வெட்டுகிற கரண்ட் வாள்) ஒன்று வாங்கிவிட்டோம். முன்னும் பின்னும் இழுக்கிற மாடல் இல்லை, மேலிருந்து கீழே இறக்குவது மட்டும். தலை இடப்பக்கம் 45 டிகிரி சாயும், மேடை இரண்டு பக்கமும் திரும்பும்.

தெரிந்த பட்டறை ஒன்றில் போய்ப் பார்த்தேன், அங்கே வெட்டாத நேரம் பிளேடை மூடியிருக்கும் கீழ்க் கார்டை, அதாவது கவசத்தை, கட்டுக்கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், கார்டு இறங்கினால் பென்சில் கோடு தெரிவதில்லை, அதுதான் என்கிறார்கள். அப்பாவும் கோடு தெரியாமல் எப்படி வெட்டுவது என்று கேட்கிறார், அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தம்பி இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறான், நான் அளவெடுக்கப் போகும்போது மெஷினில் அவன்தான் நிற்பான். அதனால்தான் கேட்கிறேன், கார்டைக் கட்டலாமா கூடாதா?

அப்புறம், பீடிங் முடியும் இடத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலத் துண்டு தேவைப்படும், அதை எப்படிப் பிடித்து வெட்டுவது? 12 அடி பட்டிகையைத் தம்பி அந்த முனையில் பிடித்துக்கொண்டால் போதுமா? கையுறை போட வேண்டுமா? கரண்ட் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


செங்கோட்டை ஆசாரி:

தம்பி, கார்டைக் கட்டாதே. கம்பி, நூல், டேப் எதுவும் வேண்டாம். கோடு தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் பிளேடு சுற்றும்போது கோட்டைப் பார்க்க நினைக்கிறார்கள். கோட்டை ஸ்விட்ச் போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். பிளேடு நிற்கும்போது தலையைக் கீழே இறக்கு, கார்டு தானே மேலே விலகும், ஒரு பல்லின் ஓரம் கோட்டின் கழிவுப் பக்கத்தைத் தொடுகிற மாதிரி கட்டையை நகர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கு, தலையை மேலே விடு. இனிமேல் நீ கோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கட்டை நகராது, பிளேடும் அதே இடத்தில்தான் இறங்கும். அப்பாவிடம் இதை ஒரு தடவை செய்து காட்டு, அவர் கை பழகிய ஆசாரி, உடனே பிடித்துக்கொள்வார்.

கணக்குப் போட்டுப் பார். 10 அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் பல்லின் வேகம் வினாடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஸ்விட்சை விட்ட பிறகும் சில வினாடி சுற்றும். வெட்டி முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் கை துண்டை எடுக்கப் போகிற நேரம் அது. அந்தச் சில வினாடிக்குப் பிளேடை மூடுவது கார்டு ஒன்றுதான்.

ஆனால் கார்டை விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது வேறு. இந்த மெஷினில் விபத்து எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பிளேடின் முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கி, அடியில் பின்பக்கமாக, அதாவது ஃபென்ஸை (மேடையின் பின்னால் கட்டையை ஒட்டி வைக்கிற தடுப்பு) நோக்கி ஓடுகிறது. கட்டை ஃபென்ஸில் ஒட்டி இருந்தால் பிளேடே அதை ஃபென்ஸிலும் மேடையிலும் அழுத்திக்கொள்ளும், நல்லது. கட்டைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி இருந்தாலும் பிளேடு கட்டையைப் பிடித்து ஃபென்ஸில் அடிக்கும், கட்டையைப் பிடித்திருக்கும் கையையும் கூடவே இழுக்கும். விரல் போகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது, யாரும் பிளேடுக்குள் கையை விடுவதில்லை, கட்டைதான் கையைக் கொண்டு போகிறது. அதனால் கட்டையைப் பிடிக்கிற வேலை கிளாம்புக்கு, கைக்கு இல்லை. மெஷினோடு ஒரு கிளாம்ப் தந்திருப்பார்கள், பல பட்டறைகளில் அது பெட்டியிலேயே கிடக்கும்.

வளைந்த கட்டை வந்தால் (இங்கே பச்சை மரத்தை அறுத்துக் கொடுப்பார்கள், காய்ந்ததும் வில்லாக நிற்கும்) வளைவின் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், வெட்டுகிற இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. மாற்றி வைத்தால் பாதி வெட்டியதும் இரண்டு பக்கமும் சேர்ந்து பிளேடைக் கவ்வும், தலை மேலே உதறும்.

சின்னத் துண்டுக்கு வருவோம். பிளேடின் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் அளந்து மேடையில் சிவப்பு எனாமலில் கோடு போட்டுவிடு. பிளேடு சுற்றும்போது கை அந்தக் கோட்டுக்கு உள்ளே வரக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். இரண்டு அங்குலத் துண்டு வேண்டுமென்றால் இரண்டு அடிப் பீடிங்கிலிருந்து வெட்டு. நீ பிடிப்பது நீளப் பக்கம், தேவையான துண்டு விழுகிற பக்கம். வெட்டி முடிந்ததும் தலையைக் கீழேயே வைத்துக்கொண்டு ஸ்விட்சை விடு, பிளேடு முழுசாக நின்ற பிறகு மேலே தூக்கு. சுற்றுகிற பிளேடை மேலே தூக்கினால் பின்பக்கப் பல் அந்தத் துண்டைத் தட்டி எறியும், பீடிங் துண்டு சன்னம், கண்ணுக்குத்தான் வரும். ஃபென்ஸில் நடுவே இருக்கும் அகல இடைவெளியில் துண்டு சிக்காமல் இருக்க 12 எம்எம் பிளைவுட் ஒன்றை ஃபென்ஸோடு பின்னாலிருந்து திருகி, ஒரு வெட்டு போட்டுக்கொள், பிளேடு அகலத்துக்கு மட்டும் வழி இருக்கும்.

ஒரே அளவில் நிறைய வெட்ட, முனை முட்டி நிற்பதற்கு ஸ்டாப் கட்டை வைப்பாய். அதை விழுகிற துண்டின் பக்கம் வைக்காதே. பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் துண்டு மாட்டிக்கொண்டால் கோணி நின்று பிளேடில் இறுகும். கிளாம்ப் போட்ட பக்கம்தான் ஸ்டாப். ஒரு அடிக்குக் குறைவான கட்டையிலிருந்து இன்னும் வெட்ட வேண்டியிருந்தால் கைவாளை எடு, அதற்காக அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்.


வேலைத்தளம்:

இதுக்கெல்லாம் இவ்வளவு செலவு எதுக்கு, எங்க சைட்ல எல்லாரும் மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டித்தான் வெட்டுறாங்க, வேகமா போகுது, எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம்.


செங்கோட்டை ஆசாரி:

தம்பி, அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று ஓடும், 4 அங்குல கிரைண்டர் 11,000 ஓடும். மைட்டர் சா 4,500, 5,000தான். மர பிளேடின் மேலேயே அதிகபட்சச் சுற்று அச்சடித்திருக்கும், படித்துப் பார். கல்லை வெட்டுகிற சக்கரத்துக்குப் பல் கிடையாது, மர பிளேடுக்குப் பல் உண்டு, ஒரு முடிச்சில் மாட்டினால் மெஷின் கையிலிருந்து துள்ளும், தொடைக்கோ வயிற்றுக்கோ வரும். அதே மாதிரி இரும்பு வெட்டுகிற 14 அங்குல கட்டாஃப் மெஷினில் மர பிளேடு மாட்டுவதும், மைட்டர் சாவில் இரும்பு வெட்டும் கல் சக்கரம் மாட்டுவதும் கூடாது. அதது செய்யப்பட்ட வேலைக்குத்தான்.


இலஞ்சி மரக்கடை:

புளியரைத் தம்பிக்கு, ஆசாரி அண்ணாச்சி சொன்னதில் ஒன்றும் மாற்றிச் சொல்ல இல்லை. அப்பாவுக்குப் பிறகு மரக்கடையையும் சின்ன பர்னிச்சர் பட்டறையையும் நான்தான் பார்க்கிறேன், பிளேடு பற்றியும் மரம் பற்றியும் சில விஷயம் சொல்கிறேன்.

மெஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் 40 பல் இருக்கும், கழுக்கோல், பட்டிகைக்கு அது போதும். பீடிங்குக்கு 60 அல்லது 80 பல். ஆனால் பல்லின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பல்லின் சாய்வையும் கேளுங்கள். டேபிள் சாவில் நீளவாக்கில் அறுக்கிற பிளேடில் பல் முன்பக்கம் 15, 20 டிகிரி சாய்ந்திருக்கும், அது மரத்தைக் கொத்தித் தன் பக்கம் இழுக்கும். அதை மைட்டர் சாவில் மாட்டினால் தலை தானாகக் கீழே பாய்கிற மாதிரி இருக்கும், கட்டையும் தூக்கும். மைட்டர் சாவுக்கு மைனஸ் 5 டிகிரியிலிருந்து பிளஸ் 5 வரை இருக்கிற பிளேடுதான் சரி. கடையில் அளவு மட்டும் சொல்லிக் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். நடு ஓட்டையின் அளவும் உங்கள் மெஷினோடு பொருந்த வேண்டும், லொடலொடவென்று இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மரத்தைப் பொறுத்தவரை நம் பக்கம் பழைய மரம் நிறையப் புழங்கும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், பழைய வீடுகளில் மச்சுப்பலகை, உத்தரம், கழுக்கோல் என்று தேக்கும் அயினியும் வேங்கையும் இருக்கும், வீட்டை இடித்தால் அந்த மரம் திரும்பவும் வேலைக்கு வந்துவிடும். நல்ல மரம்தான். ஆனால் உள்ளே ஆணி இருக்கும், தலை அரித்துப்போய் வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தில் கறுப்பாக ஒரு புள்ளியும் அதைச் சுற்றி நீலச் சாயம் மாதிரி ஒரு வட்டமும் தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் ஒட்டப் பார்க்கும். ஆணியில் அடித்தால் கார்பைடு பல் உடைந்து தெறிக்கும், கண்ணாடி போடாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும்.

அயினி, பலா இரண்டிலும் பால் உண்டு, சரியாகக் காயாத கட்டையை வெட்டினால் பிசின் பிளேடிலும் கார்டின் மடிப்பிலும் ஏறும். கார்டு திரும்ப இறங்காமல் பாதியில் நிற்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான், அதற்காகத்தான் சிலர் கட்டியே வைத்துவிடுகிறார்கள். தினமும் காலையில் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையை இரண்டு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள், கார்டு சட்டென்று மூட வேண்டும். மூடவில்லை என்றால் சுத்தம் செய்யுங்கள், கார்டு பிளாஸ்டிக் என்பதால் சோப்புத்தண்ணி மட்டும். தின்னர் போட்டால் விரிசல் விடும்.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது, மூக்கையும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளையும் பாதிக்கும். தேக்குத் தூசி பலருக்குத் தோலில் அரிப்பும் தும்மலும் கொண்டுவரும். கைக்குட்டை கட்டினால் சன்னத் தூசி நிற்காது, என்95 மாஸ்க் வாங்குங்கள், வேக்குவம் குழாயை மெஷினின் தூசி வாயில் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் பட்டறையில் தம்பிகள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது மாஸ்க் தீர்ந்தால் அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். காதுக்கும் ஏதாவது போடுங்கள், 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுவதும் கேட்டால் காது கெடும், இந்த மெஷின் அதை நன்றாகவே தாண்டும்.


கட்டளைக்குடியிருப்பு:

கையுறை பற்றி யாரும் சொல்லவில்லையே. வேங்கை சிலாம்பு ஏறினால் இரண்டு நாள் கை வீங்கிக் கிடக்கும். நான் கையுறை போட்டுத்தான் வேலை பார்க்கிறேன், போடச் சொல்வேன்.


செங்கோட்டை ஆசாரி:

மரம் இறக்கும்போது, அடுக்கும்போது தாராளமாகப் போடுங்கள். மெஷின் ஸ்விட்ச் போடுகிற நேரத்தில் கழற்றிவிட வேண்டும். வெறும் விரலில் பல் பட்டால் வெட்டும், அது கொடுமைதான், ஆனால் கையுறையின் நூலில் பல் மாட்டினால் முழுக் கையையும் உள்ளே இழுக்கும், நூல் அறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் கைக் கயிறு, காப்பு, கழுத்தில் தொங்கும் செயின், தோளில் துண்டு, பொத்தான் போடாத முழுக்கைச் சட்டை எதுவும் ஆகாது. வேட்டி, லுங்கியை மடித்துக் கட்டினாலும் அவிழும், குனியும்போது முனை மேடை மேல் விழும். பேன்ட் போட்டுக்கொண்டு நிற்பதுதான் நல்லது, செருப்பு இல்லாமல் ஷூ. உங்கள் சிலாம்புப் பிரச்சினைக்கு, மரத்தின் முனையில் ஒரு தரம் உப்புத்தாள் தேய்த்துவிட்டு எடுத்தாலே பாதி குறையும்.


புனலூர்க்காரன்:

வயரிங் வேலை பார்க்கிறேன், தமிழ்தான், மூன்று தலைமுறையாகப் புனலூரில் இருக்கிறோம். தம்பி கேட்ட கரண்ட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் மெஷினின் பெயர்ப்பலகையில் வாட் போட்டிருக்கும். 1,650 வாட் என்றால் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதை விடப் பல மடங்கு. ஃபேன், லைட் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றுப்பின் போட்டு ஓட்டக் கூடாது, 16 ஆம்பியர் சாக்கெட்தான். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு, மூன்று கம்பி உள்ளது, இரண்டு கம்பி வயரில் எர்த் போகாது. சுருளில் சுற்றியபடி ஓட்டினால் வயர் சூடாகி உருகும், முழுசாக விரித்துவிடுங்கள். ரப்பர் ஷீட் சுற்றிய ஒட்டுகளை மழைத் தரையில் போட வேண்டாம்.

ஆரியங்காவு பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், உங்கள் புளியரையிலும் சாரல் நிற்பதில்லை. ஓணத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால் நனைகிற மாதத்தில்தான் நிற்பீர்கள். புது வீட்டில் தற்காலிக லைன் எடுத்திருப்பார்கள், அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, டெஸ்ட் பொத்தானை அழுத்தி டிரிப் ஆகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஈரத் தரையில் நின்று ஓட்டாதீர்கள், மெஷின் மேல் தகரமாவது தார்ப்பாயாவது கட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

வோல்டேஜ் குறைவாக வரும் நேரம் மோட்டார் சுற்று இறங்கும், பிளேடு மரத்தில் திணறும், நீங்கள் அழுத்துவீர்கள், அது இறுகும். சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம், வழக்கமான சத்தம் வராவிட்டால் வெட்டாமல் விட்டுவிடுங்கள். வெட்டும்போது கரண்ட் போனால் உடனே ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பிளேடு நின்றதும் தலையைத் தூக்கி, பிளக்கையும் கழற்றிவிடுங்கள், கரண்ட் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். ஸ்விட்சை டேப் ஒட்டி வைப்பது, பக்கத்தில் இருக்கும் லாக் பொத்தானை அமுக்கியே வைப்பது எல்லாம் கார்டைக் கட்டுவதற்குச் சமம்.


புளியரைப் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கார்டு விஷயம் முடிந்தது, கட்டப்போவதில்லை. அண்ணாச்சி சொன்ன மாதிரி பிளேடை நிறுத்தி வைத்துக் கோட்டில் தொட்டுக் காட்டினேன், அப்பா இரண்டு கட்டை வெட்டிப் பார்த்துவிட்டு, இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். தலையைச் சாய்த்து, மேடையையும் திருப்பி இரண்டு கோணத்தில் வெட்டும்போது வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? சீலிங் பீடிங்கை ஃபென்ஸில் சாய்த்து நிறுத்தி வெட்டுகிறார்கள், படுக்க வைத்தும் வெட்டுகிறார்கள், எது நல்லது? அந்த 12 அடி பட்டிகைக்கும் பதில் வரவில்லை.


செங்கோட்டை ஆசாரி:

பட்டிகையை முதலில் முடித்துவிடுவோம். ஆள் பிடிக்கக் கூடாது. தம்பி அந்த முனையில் கொஞ்சம் தூக்கினாலோ இறக்கினாலோ வெட்டுகிற இடத்தில் கட்டை பிளேடைக் கவ்வும், அவன் வேண்டுமென்று செய்வதில்லை, கை அசையாமல் யாராலும் நிற்க முடியாது. மெஷின் மேடையின் அதே உயரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு அடித்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் வேலை, மிச்ச ரீப்பரே போதும். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். மெஷினையும் பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து வெட்டுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, கைவாளுக்கு அது சரி, இதற்கு ஆகாது. குந்தியிருந்தால் முகம் பிளேடுக்கு நேராக வரும், சட்டென்று விலகவும் முடியாது. நின்றாலும் பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நில்.

இரண்டு கோணத்தில் வெட்டும்போது கவனம் அதிகம் வேண்டும். உன் மெஷினில் தலை இடப்பக்கம் சாயும், அதாவது இடக்கை வழக்கமாக இருக்கும் இடத்துக்கு மேலே பிளேடு சாய்ந்து வருகிறது. நேர் வெட்டுக்குப் போட்ட சிவப்புக் கோடு இங்கே போதாது, கையை இன்னும் தள்ளி வை, அல்லது கையே வேண்டாம், கிளாம்ப் மட்டும். இடப்பக்க ஃபென்ஸின் மேல்பாகம் நகருகிற மாதிரி இருக்கும், அதை வெளியே தள்ளாமல் இறக்கினால் பிளேடு அலுமினிய ஃபென்ஸில் அடிக்கும். கிளாம்பின் கைப்பிடியும் மோட்டாரில் இடிக்கலாம். அதனால் கோணம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தலையை மெதுவாகக் கடைசி வரை இறக்கிப் பார், எதிலும் முட்டாமல் போகிறதா என்று. அப்புறம் மேடையின் பூட்டையும் தலையின் பூட்டையும் இறுக்கியிருக்கிறாயா என்று கையால் அசைத்துப் பார். தலை சாய்ந்திருக்கும்போது இடப்பக்கம் விழுகிற துண்டு பிளேடுக்கு அடியில் கிடக்கும், மேலே எழும்ப வழி இருக்காது. பிளேடு நிற்கும் முன் தலையைத் தூக்கினால் அதுதான் பறக்கும். முடிந்தவரை பெரிய கட்டை, கிளாம்ப் போட்டது, அந்தப் பக்கம் இருக்கட்டும்.

பீடிங்கைப் படுக்க வைத்து வெட்டுவதையே நான் சொல்வேன். நிறுத்தி வெட்டினால் சன்ன ஓரம் இரண்டில்தான் நிற்கும், கை அதைப் பிடித்தே ஆக வேண்டும், வழுக்கும். படுக்க வைத்தால் முதுகு முழுவதும் மேடையில் ஒட்டும், கிளாம்ப் பிடிக்கும். மூலை சரியாக 90 டிகிரி, பீடிங்கின் முதுகு சுவரோடு 38 டிகிரியில் சாய்கிற ரகம் என்றால் மேடை 31.6, தலை 33.9. உன் மேடையில் 31.6-ல் தனியாக ஒரு பள்ளம் இருந்தால் அது இதற்காக வைத்ததுதான். 45-ல் சாய்கிற பீடிங் என்றால் மேடை 35.3, தலை 30. நம் ஊர் மில்லில் ஓட்டுகிற பீடிங் எந்தக் கோணத்திலும் வரும், அளந்துவிட்டு வை, வீட்டுச் சுவர் மூலையும் 90 இருக்கும் என்று நம்பாதே. முதலில் கழிவுத் துண்டில் இரண்டு பக்கமும் வெட்டி மூலையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல பீடிங்கில் கை வைக்க வேண்டும். கழுக்கோலுக்கு இந்த எண்கள் பொருந்தாது, அது கூரைச் சரிவைப் பொறுத்தது, தவிர தலையைச் சாய்த்தால் வெட்டும் உயரம் நன்றாகக் குறையும், கனமான கழுக்கோல் ஒரே வெட்டில் போகாமல் நடுவில் நிற்கும். கட்டையைப் புரட்டிப் போட்டு மீதியை வெட்டலாம் என்று தோன்றும், கோணம் தப்பும், கட்டையும் சரியாக உட்காராது. அதைக் கைவாளில் முடித்துவிடு.

ஒன்று விட்டுப்போனது. வலப்பக்கக் கட்டையை இடக்கையால் பிடித்து, வலக்கையால் ஸ்விட்ச் போடுகிற பழக்கம், கை இரண்டும் பிளேடுக்கு முன்னால் குறுக்கே போகும். உன் தம்பிக்கு முதல் நாளே சொல்லிவிடு, கை குறுக்கே போகிற மாதிரி வந்தால் கட்டையைத் திருப்பிப் போட வேண்டும்.


சாரல்செவிலி:

சகோதரர்களுக்கு வணக்கம். நான் மரவேலை செய்வதில்லை, தென்காசிப் பக்கம் அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இந்தப் பேச்சில் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அது தெரியாமல் வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கச் சொல்கிறேன்.

விரல் வெட்டுப்பட்டால் முதலில் மெஷினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள், உதவிக்கு ஓடி வருகிறவருக்கும் ஆபத்து வரக் கூடாது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். பத்து நிமிடமாவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று திறந்து திறந்து பார்த்தால் நிற்காது. காப்பிப்பொடி, மஞ்சள்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் காப்பிப்பொடி அப்பிக்கொண்டுதான் வருகிறார்கள், டாக்டர் தைப்பதற்கு முன் அதையெல்லாம் கழுவிச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, காயம்பட்டவர் படுகிற வேதனையைப் பார்க்க முடியாது. மோதிரம் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சணல், நூல் போட்டு விரலை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். மரத்தூள் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராக விரலைத் தொடக் கூடாது, தொட்டால் சதை கருகிவிடும், ஒட்டவைக்க உதவாது. தண்ணீரிலோ டெட்டாலிலோ ஊறவும் போடாதீர்கள். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்து எடுக்காமல் அப்படியே சேர்த்துக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நுண்ணறுவை செய்யும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது, எங்கே போவது என்பதை அலைந்து தேடாமல் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், புளியரையிலிருந்து திருநெல்வேலியும் தூரம், திருவனந்தபுரமும் தூரம். வழியில் சாப்பாடு, காப்பி, தண்ணீர் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.


புளியரைப் பையன்:

அக்கா, இதை அப்படியே அட்டையில் எழுதிப் பட்டறையில் ஒட்டிவிடுகிறேன். காப்பிப்பொடி விஷயம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இலஞ்சி அக்கா சொன்ன மாதிரி 60 பல் பிளேடு மைனஸ் 5 டிகிரியில் கிடைத்துவிட்டது. பழைய பிளேடைக் கழற்றப் பார்க்கிறேன், நடு போல்ட் எவ்வளவு திருகினாலும் அசையவில்லை, இன்னும் இறுகுகிற மாதிரி இருக்கிறது. பைப் போட்டு நெம்பலாமா?


இலஞ்சி மரக்கடை:

நெம்ப வேண்டாம் தம்பி. பிளக் வெளியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான மைட்டர் சாவில் அந்த போல்ட் இடமுறை மரை, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். மோட்டார் பக்கம் ஒரு சின்ன லாக் பொத்தான் இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஓர் இடத்தில் டக்கென்று பிடிக்கும், அப்புறம் சாவியைத் திருப்புங்கள். புது பிளேடில் அம்புக்குறி போட்டிருக்கும், மெஷின் கார்டின் மேலும் ஒன்று இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். வாஷரைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், சாவியை மெஷின் மேலேயே மறந்து வைக்காதீர்கள், மாட்டி முடித்ததும் வெட்டாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.


புளியரைப் பையன்:

கழன்றுவிட்டது அக்கா, எதிர்ப்பக்கம்தான் திருகிக்கொண்டிருந்தேன். மாட்டி ஓட்டிப் பார்த்தாயிற்று, ஆட்டம் இல்லை.